முதலில் அடுக்குங்கள், பிறகு அழகுபடுத்துங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், கூடவே ஒரு டிஜிட்டல் கேமராவும் வாங்கிவிட்டால், என்னைப் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "போட்டோ எடிட் செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது?" சாப்ட்வேர் என்ஜினியர் என்றால் உலகத்தில் உள்ள எல்லா சாப்ட்வேரும் தெரிந்திருக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. நானும் முன்பெல்லாம் பெரிய மனிதனைப் போல நான்கு புரோகிராம்களின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்கிறேன். "போன வருஷம் தீபாவளிக்கு எடுத்த படத்தை ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்ட முடியுமா?"

பெரும்பாலும் முடிவதில்லை. முடியாதவர்களுக்கு எடிட்டிங் சாப்ட்வேர் இப்போதைக்குத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. சிலருக்கு இது கோபத்தை உண்டாக்கலாம். நான் இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு படம் தேவைப்பட்டது

2018ல் என்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 24 மெகா பிக்ஸெல் கேமரா ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 2019 பொங்கலுக்குக் குளித்தலையில் எங்கள் வீட்டுக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக் கொண்டிருந்த அப்பாயியைப் படம் எடுத்தேன். "என்னைப் போயி எடுக்கிறானே" என்று அவர் சிரித்த நேரத்தில் பட்டனை அழுத்திவிட்டேன். அதைவிட நல்ல படத்தை அதற்குப் பிறகும் நான் எடுத்ததில்லை.

2023ல் அப்பாயி காலமானார். அன்று இரவு சித்தப்பா என்னிடம், "தம்பி, உங்கிட்டதான் கேமரா இருக்கு. நல்ல படமா ஒண்ணு எடுத்துக் குடுப்பா, பெருசாப் போட்டு மாலை போடணும்" என்றார். எந்தப் படம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன்.

அதில் ஏறக்குறைய 14,000 படங்கள் இருந்தன. போல்டர்களின் பெயர்கள் இப்படி இருந்தன: நியூ போல்டர், நியூ போல்டர் 7, கேமரா பேக்கப், கேமரா பேக்கப் பைனல், பைனல் 2. தேதிப்படி வரிசைப்படுத்தி 2019 ஜனவரியைத் தேடினால் அங்கே ஒன்றுமே இல்லை. பேட்டரி இல்லாமல் பல மாதம் கிடந்த பழைய கேமரா என்பதால், அதன் கடிகாரம் 2013க்குப் போயிருந்தது. வாங்கிய அன்று அது தேதி கேட்டபோது, படம் எடுக்கும் அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டுப் போய்விட்டேன். ஆகவே 2019 பொங்கல் படங்கள் எல்லாம் 2013 வரிசையில் உட்கார்ந்திருந்தன. ஒன்பது மணிக்குத் தேடத் தொடங்கி, படம் கண்ணில் பட்டபோது மணி இரண்டரை.

படம் கிடைத்தது. ஆனால் அது 600க்கு 800 பிக்ஸெல் அளவில், கருப்பு வெள்ளையில் இருந்தது. 2019ல் போனில் முகப்புப் படமாக வைப்பதற்காக முகத்தை மட்டும் கிராப் செய்து, கலரை எடுத்து, சிறிதாக்கி, சேவ் பட்டனை அழுத்தியது நான்தான். ஒரிஜினல் பைலின் மேலேயே அது பதிவாகிவிட்டது. மெமரி கார்டையோ இடம் வேண்டும் என்று எப்போதோ பார்மட் செய்து, அதன் பிறகு ஆயிரக்கணக்கான படங்களை அதில் எடுத்துவிட்டேன்.

காலையில் ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கட்டம் கட்டமா வரும்" என்றார். கணக்கு எளிதானது. 600 பிக்ஸெலை 12 அங்குல அகலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 50 புள்ளிகள்தான். ஒரிஜினலில் அகலம் 4000 பிக்ஸெல். அங்குலத்துக்கு 333 வந்திருக்கும். கடைசியில் யாரோ எடுத்த ஒரு கல்யாணக் குரூப் போட்டோவில் இருந்து அப்பாயியின் முகத்தைத் தனியே வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார்கள். அதுதான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் அப்பாயி சிரிக்கவில்லை.

ஆபீசில் நான் ஒரு வரி புரோகிராமை மாற்றினாலும் அதன் பழைய பிரதி பத்திரமாக இருக்கும். யாரோ ஒருவரின் கணக்கு வழக்குக்கு அத்தனை பாதுகாப்பு கொடுக்கத் தெரிந்தவனுக்கு, தன் வீட்டுப் படத்தை ஒரு காப்பி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. அதனால்தான் சொல்கிறேன். முதலில் அடுக்கக் கற்றுக் கொள்ளுங்கள். அழகுபடுத்துவது பிறகு ஆகட்டும்.

காப்பி, எண்ணிக்கை, பிறகு பார்மட்

கேமராவின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகியவுடன் டிசிஐஎம் என்ற போல்டர் தெரியும். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் இதே பெயர்தான் இருக்கும். 1998ல் ஜப்பானில் வகுத்த ஒரு பொது விதிப்படி கேமராக்கள் படங்களை இந்தப் போல்டரில் வைக்கின்றன. அந்த விதிப்படி பைல் பெயர் நான்கு எழுத்து, நான்கு எண் என்று அமையும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எண் 9999 வரை போனபின் மீண்டும் 0001ல் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு வந்தால், ஒரு நாள் புது 0001, பழைய 0001 இருக்கும் இடத்திற்கே வரும். விண்டோஸ் "மாற்றி எழுதட்டுமா?" என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்தினால் பழைய படம் போய்விடும்.

எனவே ஒவ்வொரு முறையும் ஒரு புதிய போல்டர் உருவாக்கி அதில் காப்பி செய்திடவும். கட் செய்து பேஸ்ட் செய்ய வேண்டாம். நடுவில் கேபிள் அசைந்தாலோ கரண்ட் போனாலோ சிக்கல் வரும். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவும். நான்கைந்து படங்களைத் திறந்து பார்க்கவும். அதன் பிறகே கார்டை, கேமராவில் வைத்து, கேமராவிலேயே பார்மட் செய்திடவும்.

தவறுதலாக அழித்துவிட்டால் பதற்றப்படாதீர்கள். அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம் கூட எடுக்காமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். போட்டோரெக் என்ற இலவசப் புரோகிராம், மேலே எழுதப்படாத படங்களைப் பெரும்பாலும் மீட்டுத் தரும். மேலே எழுதிவிட்டால் யாராலும் முடியாது. என் கார்டுக்கு நடந்தது அதுதான்.

போல்டருக்குப் பெயர் வைப்பது எப்படி?

வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எழுதி, அதன் பின் இடமும் நிகழ்ச்சியும் எழுதுங்கள். "2024-01-15 பொங்கல் குளித்தலை" என்பது போல. நாம் பேசும்போது நாளை முதலில் சொல்கிறோம். ஆனால் கம்ப்யூட்டர் பெயரை இடமிருந்து வலமாகப் பார்த்து அடுக்குகிறது. நாளை முதலில் எழுதினால் எல்லா வருடத்தின் 15ம் தேதிகளும் ஒன்றாகக் குவியும். வருடத்தை முதலில் எழுதினால், பெயரின் வரிசையே கால வரிசையாகிவிடும். மாதத்துக்கு 1 என்று எழுதாமல் 01 என்று எழுத வேண்டும். இல்லையெனில் சில புரோகிராம்களில் அக்டோபர், பிப்ரவரிக்கு முன்னால் போய் நிற்கும்.

போல்டர் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். இன்றைய விண்டோஸ், யூனிகோட் தமிழை நன்றாகவே ஏற்றுக் கொள்கிறது. உங்கள் அம்மாவும் மாமியாரும் படித்துத் திறக்கக் கூடிய பெயராக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

கேமராவின் தேதியை இன்றே சரி பாருங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், லென்ஸ் விவரம் ஆகியவை எக்ஸிப் என்ற குறிப்பாகப் பதிவாகின்றன. கடிகாரம் தவறாக இருந்தால் குறிப்பும் தவறுதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு நீக்கப்படுகிறது, படமும் சிறிதாக்கப்படுகிறது. உறவினர் எடுத்த கல்யாணப் படம் உங்களுக்கு முழுதாக வேண்டும் என்றால், "டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். அப்படி அனுப்பினால் பைல் உள்ளபடியே வரும்.

பத்தில் எட்டை அழிக்கலாம்

பிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம்தான். என் அப்பா ஒரு கல்யாணத்துக்கு இரண்டு ரோல் வாங்குவதற்கே யோசிப்பாராம். இன்று ஒரு பிறந்த நாளுக்கு 400 படம் எடுக்கிறோம். கேக் வெட்டும் படம் மட்டுமே 30 இருக்கும். இந்த 30ஐயும் வைத்திருப்பது ஒன்றையும் வைக்காததற்குச் சமம். யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை.

காப்பி செய்த அன்றே ஒருமுறை முழுவதும் பாருங்கள். ஆடியது, கண் மூடியது, ஒன்றைப் போலவே இன்னொன்று, இவற்றை டிலீட் செய்திடுங்கள். ஒரு எச்சரிக்கை. வயதானவர்கள் இருக்கும் படத்தை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். சற்று மங்கலாக இருந்தாலும் இருக்கட்டும். பின்னாளில் எது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

சாப்ட்வேருக்குள் அடுக்குவது வாடகை வீடு

"கூகுள் போட்டோஸ் முகத்தை வைத்துத் தானே தேடிக் கொடுக்கிறதே, போல்டர் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். அப்பாயியின் முகத்தைத் தேட அன்று அது எனக்கு உதவியிருக்கும். ஆனால் அழிந்து போன ஒரிஜினலை அதனாலும் தந்திருக்க முடியாது.

பிக்காசா என்ற புரோகிராம் பலருக்கு நினைவிருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் படம் அடுக்க அதைவிட எளிமையான ஒன்று அப்போது இல்லை. 2016 மார்ச்சில் கூகுள் அதன் ஆதரவை நிறுத்திக் கொண்டது. அதில் செய்த திருத்தங்கள் ஒரு தனிக் குறிப்பு பைலில் இருந்தன. மற்ற புரோகிராம்களுக்கு அந்தக் குறிப்பு புரியாது. கூகுள் போட்டோசும் 2015ல் வந்தபோது, ஓரளவு சுருக்கிய படங்களுக்கு எல்லையற்ற இடத்தை இலவசமாகக் கொடுத்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில், ஒரு படம் 5 எம்பி என்று வைத்தாலும் 3,000 படங்கள்தான். அதையும் மெயிலோடு பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கும் உரிமையையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. நிறுவனங்கள் அப்படித்தான் நடக்கும். சாப்ட்வேருக்குள் செய்த ஆல்பம் வாடகை வீடு. ஹார்ட் டிஸ்க்கில் ஒழுங்காகப் பெயர் வைத்த போல்டர் சொந்த வீடு. எந்தப் புரோகிராம் வந்தாலும் போனாலும் அது அப்படியே இருக்கும்.

எடிட்டிங்: இரண்டே விதிகள்

முதல் விதி: ஒரிஜினலைத் தொடாதீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிப் போல்டருக்குள்ளும் "திருத்தியவை" என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். எடிட் செய்ய வேண்டிய படத்தை அதில் காப்பி செய்து, அந்தக் காப்பியை மட்டும் திறந்து வேலை செய்யுங்கள். விண்டோசில் உள்ள போட்டோஸ் புரோகிராமிலும் சேவ் என்பதும், காப்பியாக சேவ் செய்வது என்பதும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜேபெக் பைலுக்கு இன்னொரு குணம் உண்டு. இடத்தைச் சேமிப்பதற்காகக் கண்ணுக்கு எளிதில் தெரியாத விவரங்களை அது நீக்கிவிடுகிறது. எடிட் செய்து சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நீக்கும். வெறுமனே திறந்து பார்த்தாலோ காப்பி செய்தாலோ ஒன்றும் குறையாது. பத்து முறை திறந்து, திருத்தி, சேவ் செய்தால் ஓரங்களில் அழுக்கு படிந்தது போலத் தெரியும். ஆகவே திருத்த வேண்டியதை எல்லாம் ஒரே அமர்வில் முடித்து ஒருமுறை சேவ் செய்வது நல்லது.

இரண்டாவது விதி: குறைவாகச் செய்யுங்கள். வரிசை இதுதான். சாய்ந்திருப்பதை நேராக்குவது, வேண்டாத ஓரத்தை கிராப் செய்வது, வெளிச்சத்தைச் சரி செய்வது, கலரைச் சரி செய்வது. இத்துடன் நிறுத்திக் கொள்ளலாம். அளவைச் சிறிதாக்குவது கடைசியில், அதுவும் இணையத்தில் அனுப்புவதற்கான தனிக் காப்பியில் மட்டும். பிரிண்ட் போட அங்குலத்துக்கு 300 பிக்ஸெல் என்பது பொதுவான கணக்கு. 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 பிக்ஸெல் வேண்டும். ஏறக்குறைய 2 மெகா பிக்ஸெல் போதும். பெரிய பிரேமுக்கு அது போதாது.

சாப்ட்வேர் பெயர் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். படம் பார்க்கவும், கிராப் செய்யவும், ரிசைஸ் செய்யவும் இர்பான்வியூ போதும். வீட்டு உபயோகத்திற்கு இலவசம். அடுக்கவும் தேடவும் டிஜிகேம். ஆழமாகக் கற்க விரும்புபவர்களுக்கு கிம்ப். பின் இரண்டும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியவை. காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம்.

ஒன்றை மட்டும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். எடிட்டிங் என்றாலே கருப்பாக இருப்பவரை வெள்ளையாக்குவது, முகத்தின் சுருக்கத்தைத் துடைப்பது என்று ஆகிவிட்டது. பல போன்கள் நாம் கேட்காமலேயே இதைச் செய்கின்றன. அமைப்பில் போய் அழகுபடுத்தும் வசதியை நிறுத்தி வையுங்கள். என் அப்பாயியின் முகத்தில் இருந்த ஒவ்வொரு கோடும் எங்களுக்கு வேண்டும். மாவு பூசியது போன்ற ஒரு முகம் யாருடையது என்று உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்கக் கூடாது.

மூன்று, இரண்டு, ஒன்று

போட்டோகிராபர்களிடையே 3-2-1 என்று ஒரு விதி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. நம் வீட்டுக்கு இப்படிச் செய்யலாம். ஒன்று கம்ப்யூட்டரில். இன்னொன்று வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கில். 1 டெராபைட் டிஸ்க்கில், ஒரு படம் 10 எம்பி என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் படங்கள் கொள்ளும். மூன்றாவதை இணையத்தில் வைக்கலாம். அல்லது இன்னொரு டிஸ்க்கில் எடுத்து அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பிக்கலாம். மாதம் ஒரு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள். மின் கட்டணம் கட்ட மறக்காதவர்களுக்கு இதுவும் முடியும். பென் டிரைவை நீண்ட காலச் சேமிப்புக்கு நம்ப வேண்டாம்.

மிக முக்கியமான பத்துப் படங்களை ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வையுங்கள். கரண்ட் இல்லாமலும் பாஸ்வேர்ட் இல்லாமலும் பார்க்கக் கூடியது அது ஒன்றுதான்.

புதிதாகத் தொடங்கும் உங்களிடம் இன்னும் 14,000 படங்கள் சேர்ந்திருக்காது. அதுதான் உங்கள் பலம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும் படங்களை முதலில் தேடி எடுங்கள். ஒரு போல்டருக்குள் தேதியோடு போடுங்கள். இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். அப்படி ஒரு நல்ல படம் இல்லை என்று தெரிந்தால் கேமராவை எடுத்துக் கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். படம் எடுக்கும் முன், கேமராவில் தேதி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள்.